இரண்டு மணி நேர கேமுக்கு என்ன விலை தகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வீடியோ கேம்களுக்கும் இடம் ஒதுக்கி, அவற்றையும் படைப்புகளாக மதித்து விமர்சனம் வெளியிட்டு வருவதற்கு முதலில் என் நன்றி. அந்த விமர்சனங்களைத் தவறாமல் வாசிக்கும் வாசகன் என்ற முறையில், அவற்றில் அடிக்கடி தென்படும் ஒரு தீர்ப்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஓரிருவரோ சிறு குழுவோ உருவாக்கிய சுயாதீன கேம் ஒன்றைப் பற்றி எழுதும்போது, கதை மனத்தை உலுக்குகிறது, இசை நெடுநேரம் காதில் நிற்கிறது என்றெல்லாம் பாராட்டிய பிறகு, கடைசிப் பத்தியில், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் கொடுத்த காசுக்கு ஈடாகாது என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். முன்பத்திகளில் சொன்ன அனைத்தையும் அந்த ஒரு வரி ரத்து செய்துவிடுகிறது. அது நியாயமான அளவுகோல் அன்று என்பதே என் கருத்து.

அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது புரியாமல் இல்லை. கேம் வாங்குகிறவருக்கு வாங்கும் முன் உறுதியாகத் தெரிவது இரண்டே எண்கள்தாம்: விலையும், விளையாடி முடிக்க ஆகும் நேரமும். விலையை நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு இவ்வளவு என்று ஒரு விடை கிடைத்துவிடுகிறது. சேமித்து வைத்து ஆண்டுக்கு ஓரிரு கேம்கள் மட்டும் வாங்கும் மாணவருக்கு அந்த விடை முக்கியமானது. அதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு உரிமையில்லை. சினிமா டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டுச் சிறிய கேம்களுக்கு ஆதரவாகப் பேசுவோரும் உண்டு. ஆனால் அவர்களும் அதே மணிக்கணக்கைத்தான் வேறு எண்களை வைத்துப் போடுகிறார்கள். வாங்குகிறவர் தம் பணத்தை எண்ணிப் பார்ப்பது இயல்பு. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத ஒன்று அந்தக் கேமில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் விமர்சகர் தேவைப்படுகிறார். வகுத்தலை மட்டும் செய்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டால், வாசகரிடம் ஏற்கெனவே இருந்ததையே அவரிடம் திருப்பிக் கொடுத்ததாகிறது.

குறுகிய நேரத்தில் ஒரு கேம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 2007ஆம் ஆண்டில் ஜேசன் ரோரர் உருவாக்கி இலவசமாக வெளியிட்ட 'பாசேஜ்' போதும். அதன் நீளம் 5 நிமிடம். திரையின் அளவு 100க்கு 16 பிக்ஸல். ஒரு மனிதன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நோக்கி நடக்கிறான். நடக்க நடக்க வயதாகிறது. வழியில் ஒரு பெண்ணைச் சந்தித்துத் துணையாக ஏற்றுக்கொள்ளலாம், ஏற்காமலும் போகலாம். ஏற்றுக்கொண்டால், தனியாளாக நுழைந்திருக்கக்கூடிய குறுகலான இடைவெளிகளில் இனி நுழைய முடியாது. அங்கே இருக்கும் புதையல் பெட்டிகளை விட்டுவிட வேண்டும். கடைசியில் துணை இறந்துபோவாள், அவனுடைய நடை தளரும், பிறகு அவனும் இறப்பான். ஒரு வசனம்கூட இல்லை. இரண்டு பேராக வாழ்வதால் எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்ற கேள்வியை, சந்து ஒன்றுக்குள் நுழைய முடியாமல் நிற்கும் அந்தக் கணத்திலேயே விளையாடுபவர் உணர்ந்துவிடுகிறார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகத் தன் சேகரிப்பில் சேர்த்த 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று. மணிக்கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத கேம்.

கேமில் உணர்ச்சி பிறக்கும் விதம் வேறு கலைகளில் பிறக்கும் விதத்திலிருந்து மாறுபட்டது; விமர்சனத்தில் விரிவாக எழுதப்பட வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். திரையில் நடப்பதைப் பார்த்துக் கலங்குவது ஒன்று. அது நடப்பதற்கு நம் விரலே காரணமாக இருந்தது என்பதால் கலங்குவது இன்னொன்று. ஜயன்ட் ஸ்பாரோ என்ற சிறு குழு 2017இல் வெளியிட்ட 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச்' ஒரு குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனவர்களின் கடைசிக் கணங்களை, அவரவர் இடத்தில் நம்மை நிறுத்திக் காட்டுகிறது. அதில் லூயிஸ் என்ற இளைஞன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கிறான். கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரின் வலது குச்சியால் மீனை எடுத்துக் கத்தியடியில் தள்ள வேண்டும். எடுக்க வேண்டும், தள்ள வேண்டும், மீண்டும் எடுக்க வேண்டும். சற்று நேரத்தில் அவன் பகற்கனவு காணத் தொடங்குகிறான். கனவில் அவன் நடக்கும் பாதையை இடது குச்சியால் இயக்க வேண்டும். வலது கை மீன் வெட்டுவதை நிறுத்தக் கூடாது. முதலில் திரையின் ஓரத்தில் இருந்த கனவு மெல்ல மெல்லப் பெரிதாகித் திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது; அப்போதும் வலது கை தன்பாட்டுக்கு அதே அசைவைச் செய்துகொண்டிருக்கிறது. உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலுமாகப் பிளந்துபோன ஒருவனின் நிலையைப் பக்கம் பக்கமாக எழுதியும் விளக்கலாம். இங்கே நம் இரு கைகளுமே அவனாகப் பிளந்துவிடுகின்றன. இந்தப் பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நாற்பது நிமிடம் நீட்டியிருந்தால் அது வெறும் மீன் வெட்டும் வேலையாகத்தான் மிஞ்சியிருக்கும்.

இதே கேமை வைத்தே விலை பற்றிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடலாம். குடும்பத்தின் ஒவ்வொருவருடைய கதைக்கும் இதில் வெவ்வேறு விளையாட்டு முறை உண்டு. ஒன்றில் ஊஞ்சல் ஆட வேண்டும், இன்னொன்றில் பட்டம் விட வேண்டும், மற்றொன்றில் புகைப்படம் எடுக்க வேண்டும், வேறொன்று படக்கதைப் புத்தகத்தின் சட்டகங்களுக்குள் நடக்கிறது. இவை ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வடிவமைத்து, நிரல் எழுதி, சோதித்து, திருத்திவிட்டு, சில நிமிடங்கள் மட்டும் பயன்படுத்தி, பிறகு ஒருபோதும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே சண்டை முறையையும் ஒரே வகை எதிரிகளையும் நூறு முறை திரும்பப் பயன்படுத்தும் கேமில் ஒருமுறை செய்த உழைப்பு ஐம்பது மணி நேரத்துக்குப் பரவிவிடுகிறது. ஆகவே ஐம்பது மணி நேர கேமின் ஒரு மணியும் இரண்டு மணி நேர கேமின் ஒரு மணியும் ஒரே பண்டம் அல்ல. ஒன்றை மற்றொன்றின் விலையால் அளப்பது கணக்காகவே தவறு.

2018இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு ஆண்டின் சிறந்த கேம் விருதை எடித் ஃபின்ச்சுக்குத்தான் வழங்கியது. அந்த விருதுக்கான போட்டிப் பட்டியலில் நிண்டெண்டோ நிறுவனத்தின் அப்போதைய புதிய கேம்களான செல்டாவும் மரியோவும் இருந்தன. இரண்டும் பல பத்து மணி நேரம் விளையாடக்கூடிய, பெரும் பொருட்செலவில் உருவான, மிகச் சிறந்த கேம்கள்.

விளையாடுபவரின் கைகளுக்குக் கதையைக் கொண்டுசேர்க்கும் இந்தத் திறமைக்கு இன்னும் சில சான்றுகளைச் சொல்லலாம். 2013இல் வந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' கேமில் இடது குச்சி அண்ணன், வலது குச்சி தம்பி. நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடி இருவரும் போகிறார்கள். அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியுமல்ல, ஆனாலும் எல்லாம் புரிகிறது. அதன் முடிவை இங்கே எழுத மாட்டேன். அந்த முடிவின் கனம் முழுவதும் வசனத்தில் அல்லாமல் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். அதே ஆண்டு லூகாஸ் போப் தனியொருவராக உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. எத்தனை பேரின் ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்புகிறோமோ அதற்கேற்ற கூலி. அந்தக் கூலியில் வாடகை, உணவு, குளிருக்குக் கணப்பு, மருந்து எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள், உரிய ஆவணங்களோடு வரும் கணவன் உள்ளே போன பிறகு, ஆவணம் குறைந்த மனைவி வந்து நிற்கிறாள். திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். உள்ளே விட்டால் நமக்கு எச்சரிக்கைச் சீட்டு வரும். சீட்டுகள் கூடினால் கூலியில் கழிப்பார்கள். கூலி குறைந்தால் வீட்டில் யாராவது பசியோடு படுப்பார்கள். இரக்கத்துக்கு இங்கே ஒரு விலை உண்டு, அதை நம் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கருணையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கலாம்; சீட்டு அச்சாகி வெளிவரும் அந்தச் சத்தத்தோடு அதைச் செய்து பார்ப்பது வேறு அனுபவம்.

2018இல் வெளியான 'செலஸ்ட்' மலையேறும் ஒரு பெண்ணைப் பற்றியது. பதற்றம் அவளை மூச்சுத் திணற வைக்கும்போது, உடனிருப்பவர் ஓர் இறகைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார். பொத்தானை மெதுவாக அழுத்தியும் விட்டும் அந்த இறகை மிதக்க வைக்க வேண்டும், நம்மையறியாமல் நம் மூச்சும் அந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது. கடினமான கேம் என்பதால், விரும்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் அடிபடாமல் செல்லவும் வசதி வைத்திருக்கிறார்கள். கதையைக் காண்பதற்குக் கைத்திறன் தடையாகக் கூடாது என்ற அந்த முடிவும் பணத்துக்குரிய மதிப்பில் சேர்ந்தது என்றே கருதுகிறேன், ஏனெனில் பாதியில் கைவிட்ட கேம் எத்தனை மணி நேரம் நீண்டிருந்தும் வாங்கியவருக்குப் பயனில்லை. 2021இல் வந்த 'பிஃபோர் யுவர் ஐஸ்' இன்னும் ஒரு படி போகிறது. கணினியின் கேமரா நம் கண்களைக் கவனிக்கிறது. குறிப்பிட்ட தருணங்களில் நாம் இமைத்தால் கதையில் காலம் முன்னே தாவிவிடும். தாயின் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பார்ப்போம், உடல் தோற்கும், காட்சி போய்விடும். வாழ்வு நம் விருப்பத்துக்கு நிற்பதில்லை என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. இதன் மொத்த நீளம் ஒன்றரை மணி நேரம் அளவுதான். எத்தனை நேரம் ஒருவரால் இமைக்காமல் போராட முடியும் என்பதை நினைத்தாலே, இதைப் பத்து மணி நேரம் நீட்டக் கேட்பது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

நீளமான கேம்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக உழைத்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி'யில் நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவிடுவோர் உண்டு. வெளிவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், 2024இல்கூட, வாங்கியவர்களுக்குப் பெரிய புதுப்பிப்புகளை அவர் இலவசமாகவே கொடுத்திருக்கிறார். ஒரு ஊரின் மனிதர்களோடு பருவம் பருவமாகப் பழகுவதுதான் அந்தக் கேமின் உயிர் என்பதால் அந்த நீளம் அதற்கு வேண்டும். 'டிஸ்கோ எலிசியம்' லட்சக்கணக்கான சொற்களைக் கொண்டது. நொறுங்கிப்போன ஒரு துப்பறிவாளரின் தலைக்குள் நடக்கும் வாக்குவாதங்களுக்கு அத்தனையும் தேவைப்பட்டது. சொல்ல வந்ததற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு என்பதே நியாயம். அந்த அளவைத் தாண்டி நேரத்தை ஊதிப் பெருக்குவதைத்தான் எதிர்க்கிறேன்: வரைபடமெங்கும் சிதறிக்கிடக்கும் ஒரே மாதிரியான சில்லறை வேலைகள், முன்பு போன பாதையிலேயே திரும்ப நடக்கவைத்தல், சேகரிப்பதற்காகவே வைக்கப்பட்ட பொருள்கள். வாங்குகிறவர்களும் விமர்சகர்களும் மணிக்கணக்கை எண்ணுகிறார்கள் என்பது படைப்பாளர்களுக்குத் தெரியும். ஆகவே கதை முடிந்த இடத்தில் நிறுத்தத் துணிவில்லாமல் இவற்றைச் சேர்க்கிறார்கள். சோகமான ஒரு காட்சிக்கும் அதன் விளைவுக்கும் நடுவே பன்னிரண்டு பெட்டிகளைத் தேடச் சொன்னால், அந்தச் சோகம் விளைவுவரை உயிரோடு வந்துசேராது. நம் அளவுகோல் அவர்களுடைய கதையைக் கெடுக்கிறது என்பது இந்தச் சிக்கலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

இன்னொரு வகைக் கேம்களை மணிக்கணக்கு முற்றிலும் தவறாகவே மதிப்பிடும். 2019இல் வந்து மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த கேம் விருதைப் பெற்ற 'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். புதிய கருவியோ கூடுதல் பலமோ எதுவும் கிடைக்காது. கற்றுக்கொண்டது மட்டுமே கையில் மிஞ்சும். எல்லாவற்றையும் அறிந்துகொண்ட பிறகு அதை மீண்டும் முதல்முறை போல விளையாடவே முடியாது. திரும்ப விளையாடும் வாய்ப்பு இல்லை என்பதைக் குறையாக எழுதுவோர், இந்த ஒருமுறைத்தன்மைதான் அதன் கதையே என்பதைக் கவனிப்பதில்லை.

சிறியது, சோகமானது, சுயாதீனமானது என்பதற்காகவே எதையும் பாராட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறந்த குழந்தை, மறதி நோயுற்ற பாட்டி, பிரிந்த காதலர் என்று கண்ணீர் வரவழைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, மெல்லிய பியானோ இசையை ஓடவிட்டு, விளையாடுபவருக்கு முன்னோக்கி நடப்பதைத் தவிர வேறு வேலையே தராத கேம்கள் நிறையவே வருகின்றன. அவற்றில் பொருள்தான் அழவைக்கிறது, படைப்பு அல்ல. அப்படிப்பட்டவற்றை விமர்சகர் தயங்காமல் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர கேமானாலும் வாங்கியவரின் பணம் வீண்தான். 'டு த மூன்' போன்ற கேமை அவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். கான் காவ் 2011இல், எவரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளைக் கொண்டே அதை உருவாக்கினார். தோற்றம் பழைய காலத்துச் சின்னப் பொம்மை உருவங்கள். விளையாட்டு என்ற அளவில் செய்வதற்கும் அதிகமில்லை. ஆனால் சாகக் கிடக்கும் முதியவரின் நினைவுகளுக்குள் நாம் பின்னோக்கிப் போகும்படி கதை அமைந்திருக்கிறது. ஆகவே முதலில் புதிராகக் கண்ட ஒரு காகிதப் பொம்மைக்கும் ஒரு கலங்கரை விளக்கத்துக்கும் காரணம் மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரிகிறது. தெரிந்த அந்த நிமிடம் முன்பு பார்த்த காட்சிகள் எல்லாம் வேறாகிவிடுகின்றன. அங்கே கண்ணீரை வரவழைப்பது வரிசைமுறை. அதை யோசித்து அமைத்தவரின் கைவேலை.

இனி, பணத்தின் மறுபக்கம். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் போன்ற கடையில் ஒரு கேம் விற்றால் பொதுவாக 30 விழுக்காடு கடைக்குப் போகிறது. மீதியில் வரி, வெளியீட்டாளர் இருந்தால் அவருடைய பங்கு, இசைக்கும் குரலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆன செலவு எல்லாம் கழிய வேண்டும். எபிக் நிறுவனம் 2018இல் 12 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொள்ளும் கடையைத் தொடங்கியதும், இட்ச் தளத்தில் கடைக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைப் படைப்பாளரே முடிவு செய்யலாம் என்பதும் நல்ல மாற்றங்கள்; ஆனாலும் பெரும்பாலானோர் வாங்கும் இடம் இன்னும் ஸ்டீம்தான். அங்கே 2017 முதல் 100 டாலர் கட்டினால் யாரும் தம் கேமை வெளியிடலாம். கதவு திறந்தது நல்லது. ஆனால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்து குவியும் இடத்தில், மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்து எடுத்த இரண்டு மணி நேரக் கதை கண்ணில் படுவதே அரிது. அப்படிக் கண்ணில் பட்டதையும், நாளிதழின் விமர்சனம் காசுக்கு ஈடில்லை என்று தள்ளிவிட்டால் அவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

ஸ்டீம் 2015 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பழுதான கேமை விற்றுவிட்டு ஒதுங்குவோரிடமிருந்து வாங்குகிறவரைக் காக்கும் நல்ல விதி இது. இதை நீக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் கேமை முழுவதும் விளையாடி, பாராட்டியும் எழுதிவிட்டு, பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இது இடம் தருகிறது. 'சம்மர் ஆஃப் 58' என்ற சிறிய திகில் கேமை 2021இல் வெளியிட்ட எமிகா கேம்ஸ், நல்ல மதிப்புரைகள் வந்தும் திரும்பப் பெற்றவர்கள் மிகுதியாக இருந்ததால் கேம் உருவாக்குவதையே காலவரையறையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. குறுகிய கேம் பணத்துக்கு ஈடாகாது என்ற எண்ணம் பொதுவாக நிலவும் இடத்தில்தான், முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பதும் நியாயமாகத் தோன்றுகிறது.

'தட் டிராகன், கேன்சர்' கேமின் அனுபவம் இன்னும் கடினமானது. ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதி, புற்றுநோய் கண்ட தங்கள் மகன் ஜோயலைப் பற்றி, அவன் உயிரோடு இருக்கும்போதே உருவாக்கத் தொடங்கியது அது. ஜோயல் 2014இல் ஐந்து வயதில் இறந்தான். கேம் 2016 ஜனவரியில் வெளிவந்தது. மருத்துவமனை அறையில், எதைச் செய்தாலும் அழுகையை நிறுத்த முடியாத குழந்தையோடு ஓர் இரவு முழுவதும் இருக்கும் தந்தையின் இடத்தில் நம்மை வைக்கிறது. எதைத் தொட்டாலும் பயனில்லை என்பதை நம் கையால் செய்துபார்த்தே அறிகிறோம். வெளியான இரண்டு மாதங்களுக்குப் பிறகு, விற்பனையிலிருந்து தங்கள் குழுவுக்கு ஒரு டாலர்கூட இன்னும் வந்துசேரவில்லை என்று ரயன் கிரீன் எழுதினார். முழுக் கேமையும் காணொளியாகப் பதிவேற்றியவற்றை லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டு, விளையாடாமலேயே நகர்ந்துவிட்டார்கள் என்பது அவருடைய வருத்தம். பார்ப்பது குற்றமில்லை, காணொளிகளால் அறிமுகமாகிப் பெரிதாக விற்ற கேம்கள் பல உண்டு. ஆனால் குறுகிய, நேர்க்கோட்டில் செல்லும் கதைக்கு மட்டும் அந்த விளம்பரமே விற்பனைக்குப் பதிலாகிவிடுகிறது. விளையாடுபவரின் கை அங்கே என்ன செய்கிறது என்பதை விமர்சகர் எழுதிக் காட்டினால், பார்த்தது போதாது, செய்துபார்க்க வேண்டும் என்று சிலருக்காவது தோன்றும்.

நம் மொழியோடு தொடர்புடைய ஒரு கேமும் இந்த விவாதத்துக்குள் வருகிறது. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பல ஆண்டுகளை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சொல்கிறது. எழுத்து மங்கி, பக்கம் கிழிந்த சமையல் குறிப்பேடு ஒன்றில் விடுபட்டவற்றை ஊகித்து நிரப்புவதுதான் விளையாட்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு முழுதாக வந்துசேராத அனைத்தும் அந்தச் செயலுக்குள்ளேயே இருக்கிறது. 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம் விழாவின் தலையாய பரிசும் அதற்குக் கிடைத்தன. அது குறித்தும் பலர் சொன்ன ஒரே குறை நீளம்தான். இந்தக் கதைக்கு எந்த இடத்தில் இன்னும் மூன்று மணி நேரத்தைச் செருகலாம் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஓர் இடமும் தென்படவில்லை.

ஆகவே தங்கள் விமர்சகர்களுக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். விளையாட்டு நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வாசகருக்கு அது தேவையான தகவல். ஆனால் அதை விலை, வெளியான ஆண்டு, எந்தக் கருவிகளில் ஓடும் என்பவற்றோடு பெட்டிச் செய்தியில் வைத்துவிட்டு, மதிப்பெண்ணிலிருந்து விலக்குங்கள். நேரம் குறைவு என்று தோன்றினால், கதையில் எது சொல்லப்படாமல் நின்றது என்று காட்டுங்கள். அதிகம் என்று தோன்றினால் எதை நீக்கியிருக்கலாம் என்று காட்டுங்கள். எவ்வளவு ஆங்கிலம் வாசிக்க வேண்டியிருக்கும், எந்த அளவு கைத்திறன் வேண்டும், துயரமான எந்தப் பொருளை அது தொடுகிறது என்பவற்றையும் சொல்லுங்கள். அண்மையில் ஒருவரை இழந்த வாசகர் தெரியாமல் வாங்கிவிடக் கூடாது. முன்னோட்டப் பதிப்பு இலவசமாகக் கிடைக்குமானால் அதைத் தெரிவியுங்கள். முழு விலை கொடுக்க இயலாதவர்களைச் சலுகை விற்பனைக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கதைக்கு ஆறு மாதம் தாமதமாகப் போவதால் கெட்டுவிடுவது எதுவுமில்லை, படைப்பாளருக்கும் திருப்பிப் பெறப்பட்ட விற்பனையைவிடத் தள்ளுபடியில் நிலைத்த விற்பனையே மேல். 'பாசேஜ்' போன்று காசே கேட்காத கேம்களையும் அவ்வப்போது அறிமுகம் செய்யுங்கள்.

கதையின் முடிவை மட்டும் வெளிப்படுத்திவிடாதீர்கள். இரண்டு மணி நேர கேமில் வாங்குகிறவர் பணம் கொடுப்பதில் பெரும்பகுதி அதற்காகத்தான். தங்கள் பக்கத்தில் கடந்த சில மாதங்களில் வந்த விமர்சனங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை அதைச் சொல்லிவிட்டிருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்